தாண்டிப் போன தட்டு

மகனே,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். அன்பு இருக்கிறது, அது எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த வார்த்தையை எழுதினால் அது பொய்யாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் முன்னால் மற்றவர்களைப் போல நானும் உன்னை 'பாஸ்டர்' என்று கூப்பிடுகிறேன், 'வாங்க, உட்காருங்க' என்று பேசுகிறேன். பெற்றவளே மரியாதை கொடுக்காவிட்டால் சபை எப்படிக் கொடுக்கும் என்று இத்தனை வருஷமாக அதைக் கவனமாகச் செய்து வந்தேன். இந்தக் கடிதத்தில் அதெல்லாம் கிடையாது. நீ எனக்கு மகன், நான் உனக்கு அம்மா, எனக்கு உன் மேல் வயிறு எரிகிற கோபம் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரவில்லை. இதைச் சபையின் வாட்சாப் குரூப்பில் போடப் போகிறேன். 'அம்மா, என்னத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே' என்று நீ கேட்பாய். நீ நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாயா? சபை முன்னால் நிற்கவைத்துப் பேசினாய். உன் அப்பா மூன்று நாளாக என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார். "விடு லா, பையன் பேரு கெட்டுப்போயிடும்" என்கிறார். பெயர் கெடும் என்று அவருக்குப் பயம். எனக்கு அது ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று தெரியும். உனக்கு அதை யாராவது சொல்ல வேண்டும்.

நீ எனக்கு ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தாய். வட்டாரத்துப் போதகர்களும் மூப்பர்களும் கூடுகிற முகாமில், வருகிற சனிக்கிழமை நீ பேசப் போகிறாய். தலைப்பு: 'இன்றைய வாலிபரைப் புரிந்துகொள்வோம்'. கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நீ சிரிக்கிறாய். உனக்குப் பின்னால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நான்கைந்து பேர் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு பனியில் குதிக்கிறார்கள். கீழே 'அம்மா, ஜெபம் பண்ணிக்கோங்க' என்று எழுதியிருந்தாய். நான் சமையலறையில் நின்றபடியே சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை. "என்னா சிரிப்பு?" என்று உன் அப்பா வந்தார். போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லாதான் இருக்கு. கோட்டு யாரோடது?" என்று கேட்டார். நான் ஏன் சிரித்தேன் என்று உனக்குச் சொல்கிறேன். உன் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? பின்வரிசையில் யாருமில்லை. கிட்டார் அலமாரியில் கிடக்கிறது. ஸ்கிரீனில் பாட்டு ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாமல் சபைச் செயலாளர் போன வாரம் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார், நாங்களும் திரும்பத் திரும்பப் பாடினோம். பிள்ளைகளை நீயே விரட்டிவிட்டு, பிள்ளைகளைப் புரிந்துகொள்வது எப்படி என்று ஊருக்குச் சொல்லப் போகிறாய்.

குரூப்பில் படிக்கிறவர்களில் அன்றைக்கு வராதவர்களும் இருப்பார்கள் என்பதால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நாங்கள் புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் இருந்தபோது எங்களுக்கு அடுத்த வீடு மணியம் அண்ணன் வீடு. அவர் லோரி ஓட்டியவர், செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி. இந்துக் குடும்பம். எஸ்டேட்டை விற்று எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது, அங்கிருந்த எங்கள் சபையின் சின்னக் கோயிலையும் இடித்துவிடுவார்கள் என்று ஆனது. உள்ளே இருந்த பெஞ்சுகளை டவுன் சபைக்குக் கொண்டுபோக யாரும் வண்டி தரவில்லை. மணியம் அண்ணன்தான் வேலை முடிந்து வந்து லோரியைக் கழுவி, செம்பனை எண்ணெய்ப் பிசுக்கு பெஞ்சில் ஒட்டிவிடக்கூடாது என்று அடியில் பழைய சாக்கு விரித்து, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நீ அந்த பெஞ்சுகளின் மேல் உட்கார்ந்து வந்தாய். அசாம் ஜாவா முச்சந்தியில் லோரி திரும்பும்போது நீ பயந்து கத்தியதையும், அவர் வேகத்தைக் குறைத்ததையும் உன் அப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கும் நம் சபையார் உட்கார்ந்திருப்பது அந்த பெஞ்சுகளில்தான்.

அந்த மணியம் அண்ணனுக்கு இந்த வருஷம் இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது. பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர் மகள் கவிதா, அப்பா எழுந்து வந்துவிட்டால் எஸ்டேட்டில் இடிபடாமல் தப்பிய அம்மன் கோயிலின் திருவிழாவில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். அவளும் நம் சபை ஷாமினியும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஷாமினி நர்சிங் முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஆபரேஷன் சமயத்தில் அவள் உன்னிடம் வந்து, கவிதாவின் அப்பாவுக்காகச் சபையில் ஜெபம் பண்ணலாமா என்று கேட்டாள். சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னாய். போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நீ அதை எப்படி வாசித்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 'ஒரு புறமதச் சகோதரருக்காக' என்று வாசித்தாய். சீட்டில் பெயர் இருந்தது. உனக்குத் தெரிந்த பெயர். அவர் லோரியில் வந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எல்லாரும் 'ஆமென்' சொன்னோம். ஷாமினி திரும்பி என்னைப் பார்த்தாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

மணியம் அண்ணன் பிழைத்துவிட்டார். திருவிழா வந்தது. சாலைத் தார் கொதிக்கிற வெயிலில் கவிதா செருப்பில்லாமல் பால்குடம் தூக்கி நடக்கப் போகிறாள் என்று, ஷாமினியும் வாலிபர் ஐக்கியத்து ரூபனும் இன்னும் சில பிள்ளைகளும் போய் சாலையோரத்தில் ஒரு கூடாரம் போட்டு, நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சிராப்புச் சர்பத்தும் கொடுத்தார்கள். சாமி கும்பிடவில்லை, விபூதி பூசவில்லை, கோயிலுக்குள்ளேகூடப் போகவில்லை. போயிருந்தாலும் எனக்கு அது பெரிய விஷயம் இல்லை, ஆனால் போகவில்லை. அவர்கள் செய்த ஒரே தப்பு, எல்லாரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று வாலிபர் ஐக்கியத்தின் ஊதா டீசட்டையைப் போட்டுக்கொண்டு போனது. யாரோ போட்டோ எடுத்துப் போட, நம் செயலாளர் அதில் டீசட்டை இருக்கிற இடமெல்லாம் சிவப்பில் வட்டம் போட்டு உனக்கு அனுப்பினார். அந்தப் போட்டோவை நானும் பார்த்தேன். ஷாமினி ஒரு கிழவிக்குக் குனிந்து குடிக்கக் கொடுக்கிறாள். பார்த்தவுடன் எனக்குப் பெருமையாக இருந்தது. நம் சபைப் பிள்ளை என்று நானே நாலு பேருக்கு அனுப்பினேன். நீ அந்தப் போட்டோவில் வட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறாய்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. பிரசங்கம் முடிந்ததும் அவர்களை முன்னால் வரச் சொன்னாய். ரூபன் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன், ஹெல்மெட்டைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் கையில் பிடித்தபடியே வந்தான். என்னவோ பரிசு கொடுக்கப் போகிறாய் என்று நினைத்திருக்கிறான், பாவம், சிரித்துக்கொண்டே வந்தான். நீ சபையைப் பார்த்துக்கொண்டு, அவர்களைப் பார்க்காமல், 'சபையின் சாட்சியைக் கெடுத்துவிட்டார்கள், இப்போது எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பார்கள்' என்றாய். ஷாமினி மெதுவாகத்தான் கேட்டாள். "எது தப்பு பாஸ்டர்? தண்ணி குடுத்ததா, இல்ல நின்ன எடமா? எதுன்னு சொன்னா அதுக்கு நான் மன்னிப்பு கேக்குறேன்" என்றாள். அதைவிட மரியாதையாக ஒரு பிள்ளை எப்படிக் கேட்க முடியும்? "விளக்கம் கேக்குற எடம் இது இல்லம்மா" என்றாய் நீ. "அப்ப எந்த எடம் பாஸ்டர்?" என்றாள் அவள். நீ பாட்டு நம்பரைச் சொன்னாய்.

பிள்ளைகள் எல்லாரும் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். திருவிருந்துக்குக் கூப்பிட்டபோது ஷாமினி மட்டும் எழுந்து வந்தாள். பீடத்துக்கு முன்னால் என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். எங்கள் தோள் இடித்தது. கையை ஏந்தினாள். நீ தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கையாக அப்பம் வைத்துக்கொண்டு வந்தாய். அவளிடம் வந்தாய். நிற்கவில்லை. தட்டு அவள் கையைத் தாண்டி என்னிடம் வந்தது. நான் வாங்கிக்கொண்டேன், மகனே. வாயில் போட்டு விழுங்கினேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் அது தொண்டையில் இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் கை அப்படியே ஏந்தியபடி இருக்கிறது. அதை மூடுவதா, கீழே இறக்குவதா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ரூபன்தான் வந்து, "வா லா, போலாம்" என்று தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்குப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

உன்னை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறாயா? நீ பதினேழு வயதில் பாரம் ஃபைவ் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர மாட்டேன் என்று நின்றவன். பழைய லயத்துப் பையன்களோடு சேர்ந்து உறுமி மேளம் அடிக்கப் போய்விடுவாய். எந்த எஸ்டேட்டில் திருவிழா என்றாலும் நீ அங்கே இருப்பாய், அந்த வளைந்த குச்சியால் உறுமியை உரசிக்கொண்டு. தண்ணீர் கொடுக்கப் போகவில்லை நீ, மேளம் அடிக்கவே போனாய். உன் அப்பா உன் குச்சியை முறித்துக் கால்வாயில் எறிந்தார். நீ எங்கள் இரண்டு பேரிடமும் பேச்சை நிறுத்திவிட்டாய். அப்போதுதான் பழைய பாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். உனக்கு உபதேசம் பண்ணத்தான் வந்திருக்கிறார் என்று நான் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தோசையைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அந்த உறுமிய எப்பிடி உரசுறீங்க? எவ்வளோ நாளா யோசிக்கிறேன், பிடிபடவே இல்ல. கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். நீ உறுமியையும் வேறு குச்சியையும் எடுத்து வந்து காட்டினாய். அவர் முயற்சி பண்ணினார். எண்ணெய் போடாத கதவு மாதிரி சத்தம் வந்தது. நீ சிரித்தாய். நம் வீட்டில் நீ சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவர் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. யாரோடு சுற்றுகிறாய், பரீட்சைக்கு என்ன பயம், அப்பாவோடு என்ன சண்டை, இதைத்தான் கேட்டார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேளம் கடைசிவரைக்கும் தேறவில்லை. ஒருநாள் நீயே, "பாஸ்டர், அறுப்பின் பண்டிகைக்கு நாங்க வந்து அடிக்கலாமா?" என்று கேட்டாய். இதே செயலாளர்தான் அப்போதும் குதித்தார், அம்மன் கோயில் மேளம் சபைக்குள் வரலாமா என்று. அதற்குப் பழைய பாஸ்டர், "மேளத்த விடுங்க செயலாளரே. பையன் உள்ள வர்றான், அதப் பாருங்க" என்றார். உன்னோடு லயத்து இந்துப் பையன்களும் வந்து அடித்தார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நீ ஞாயிற்றுக்கிழமையில் எங்கேயும் போகவில்லை. பிறகு இறையியல் கல்லூரிக்குப் போனாய், பிறகு பாஸ்டர் ஆனாய்.

இப்போது நீ சாட்சி சொல்லும்போது எப்படிச் சொல்கிறாய்? 'இருளில் கிடந்தேன், பிசாசின் மேளத்தை அடித்துக்கொண்டிருந்தேன், ஆண்டவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்' என்கிறாய். சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் துடைப்பதில்லை. நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மேளத்தை அடிக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்த மனிதன் உன் சாட்சியில் எங்கே? ஆண்டவர் உன் கையைப் பிடித்தார் என்றால் அந்த மனிதனை வைத்துத்தான் பிடித்தார். அவரைச் சாட்சியிலிருந்து எடுத்துவிட்டாய், அதனால்தான் அவர் செய்ததை உனக்குச் செய்யத் தெரியவில்லை. சனிக்கிழமை முகாமில் பேச உனக்கு வேறு எதுவும் வேண்டாம். கோட்டைக் கழற்றிவிட்டு இந்தக் கதையை மட்டும் சொல். ஆனால் சொல்ல மாட்டாய், ஏனென்றால் சொன்னால், 'பாஸ்டர், உங்க வாலிபர்களுக்கு நீங்க அப்படிச் செஞ்சீங்களா?' என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

உன் வாலிபர்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும், சொல் பார்ப்போம். ரூபன் ஞாயிற்றுக்கிழமை தாமதமாக வருகிறான் என்று பிரசங்க மேடையிலிருந்தே நீ கடிகாரத்தைப் பார்ப்பாய். ஞாயிறு காலையில்தான் அவனுக்கு ஆர்டர் அதிகம், அந்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவன் வருகிறான் என்பது உனக்குத் தெரியுமா? அவன் அம்மா பாசிர் பெனம்பாங்கில் மீன் சுத்தம் பண்ணும் இடத்தில் வேலைக்குப் போகிறாள், கை உப்புத் தண்ணீரில் ஊறிப் புண்ணாயிருக்கிறது, அதற்கு மருந்து வாங்குவது இவன் சம்பாத்தியத்தில்தான் என்று தெரியுமா? ஷாமினி இரவு ஷிப்ட் முடித்து நேராகப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுக்க வந்து, பாடத்துக்கு நடுவில் தூங்கி விழுவாள். அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். நாற்காலி தூக்க, ஸ்கிரீன் ஓட்ட, கார் நிறுத்த இடம் காட்ட, டீக் கோப்பை கழுவ உனக்கு வாலிபர் வேண்டும். வருஷாந்தரக் கூட்டத்தில் கமிட்டிக்கு ஆள் எடுக்கும்போது மட்டும், 'அவுங்க இன்னும் சின்னப் பிள்ளைங்க' என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் ஒருவர் உயிர் போகும்போது பக்கத்தில் நிற்க ஷாமினிக்கு வயது போதும், சபையில் ஒரு வார்த்தை பேச வயது போதாது. பிறகு, வாலிபர் ஏன் விலகிப் போகிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ண முகாம் போடுகிறீர்கள், முகாமுக்கு ஒரு வாலிபரைக்கூட அழைக்காமல்.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாம் கொஞ்சம் பேர். ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு பிள்ளை அந்தப் பக்கம் போய்விடுமோ என்று சபையில் எல்லாருக்கும் பயம். எனக்கும் இருந்திருக்கிறது. கமிட்டிக்காரர்கள் மேலிடத்துக்கு எழுதிப்போட்டு உன்னை மாற்றிவிடுவார்களோ என்றும் உனக்குப் பயம். அந்தப் பயத்தை என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் உன்னைத் திட்டியிருக்க மாட்டேன். நீ அதற்குப் பக்தி என்று பெயர் வைத்து, இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில் இறக்கினாய். செயலாளரைச் சமாதானப்படுத்த அவளைப் பலி கொடுத்தாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் போன வாரம் ஷாமினி வீட்டுக்குப் போனேன். கையில் மீன் குழம்பு கொண்டு போனேன், வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்து, "வாங்க ஆண்ட்டி" என்றாள், வழக்கம்போலத்தான். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "ஆண்டவர நான் விடல ஆண்ட்டி. தினம் ஜெபம் பண்ணுறேன். ஆனா கைய ஏந்துனா அந்தத் தட்டு போனதுதான் ஞாபகம் வருது" என்றாள். கிள்ளானில் ஏதோ பெரிய இங்கிலீஷ் சபைக்கு அவளும் ரூபனும் போய்ப் பார்த்தார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு. லைட்டு, மியூசிக்கு எல்லாம் சூப்பர். யாருக்கும் எங்கள தெரியல, யாரும் பேரு கேக்கல. அதான் நிம்மதியா இருந்துச்சு" என்றாள். யாருக்கும் தன்னைத் தெரியாத சபைதான் நிம்மதி என்று ஒரு பிள்ளை சொல்கிறதே, அதை எழுதி எடுத்துக்கொண்டு போய் உன் முகாமில் வாசி.

கவிதாவும் அங்கேதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "என்னாலதான் ஆண்ட்டி எல்லாம். நான் அன்னிக்கு வேணாம்னு சொல்லியிருக்கணும்" என்றாள். அந்தப் பிள்ளையை நான் என்ன சொல்லித் தேற்றுவது? மணியம் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். ஆபரேஷன் புண் ஆறாத மனிதர், உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கவிதா கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறாள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்பது எப்படித் தலைகீழாகிவிட்டது, பார்த்தாயா? அங்கிருந்து கிளம்பும்போது இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று ஷாமினியிடம் சொன்னேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு ஆண்ட்டி? சபையில நிக்கவச்சப்ப பேரோடதான நின்னேன்" என்றாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புத்தி சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, கட்டளையாக எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷாமினிக்கு வேலை கிடையாது, வீட்டில் இருப்பாள். ரூபனும் மற்றப் பிள்ளைகளும் அங்கேதான் கூடுவார்கள். நீ தனியாகப் போ. செயலாளரைக் கூட்டிக்கொண்டு போகாதே, பைபிளையும் காரிலேயே வைத்துவிட்டுப் போ. உனக்கு நாற்காலி போடுவார்கள், ஏனென்றால் அவர்கள் நல்ல பிள்ளைகள். 'நான் செய்தது தப்பு' என்று சொல். 'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்' என்று ஆரம்பிக்காதே, அந்த வித்தை எனக்குத் தெரியும். எது தப்பு என்று அவள் கேட்டாளே, அந்தக் கேள்விக்குப் பதில் உன் பக்கத்திலிருந்து வரட்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திரு. அவர்கள் திட்டுவார்கள், இல்லாவிட்டால் ஒன்றும் பேச மாட்டார்கள், இரண்டையும் தாங்கிக்கொள். அங்கிருந்து மணியம் அண்ணன் வீடு தூரமில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை சபை முன்னாலும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணு. இதையெல்லாம் செய்தும் அவர்கள் திரும்பி வராமல் போகலாம். வராவிட்டாலும் நீ போக வேண்டும்.

போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ கோட்டு போட்டுக்கொண்டு போய்ப் பேசு, கைதட்டுவார்கள். மறுநாள் திருவிருந்து ஞாயிறு. நான் வருவேன், மகனே. உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொள்ள மாட்டேன். ஷாமினி முழங்கால் போட்ட இடத்தில் முழங்கால் போடுவேன். என் கை ஏந்தியிருக்காது, இறுக்கி மூடியிருக்கும். நீ தட்டோடு வருவாய், என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அவளைத் தாண்டும்போது நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், உன் கண் தட்டிலேயே இருந்தது.

என்னைத் தாண்டும்போது முகத்தைப் பார்த்துத் தாண்டு.

உன்னைப் பெற்ற
அம்மா